அம்மா நலம்

ஜூலை 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. பேசியது காற்றோடு போய்விடும், எழுதியது கையில் நிற்கும். காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துக் கேஸ்களை விசாரிப்பவன் நான். எரிந்த கடைக்குள் நுழைந்து, தீ தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்க வைத்தார்களா என்று மோப்பம் பிடித்தே தலை நரைத்தவன். வாயால் சொன்னதை நான் என்றைக்கு நம்பினேன்?

விஷயத்துக்கு வருகிறேன். நீ இரண்டாம் வருஷத்துக்குள் நுழைந்துவிட்டாய். இந்தத் தொடர்பியல் படிப்பு என்ன படிப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "பொண்ணு என்ன சார் படிக்குது?" என்று கேட்டார். சொன்னேன். "தொடர்பா? யாரோட சார்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு இன்னொருவரோடு தொடர்பு என்றால், இருவரும் சேர்ந்து எதையோ கொளுத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

உன் கல்லூரி அச்சடித்த புத்தகத்தில் "எங்கள் மாணவர்கள் இன்று" என்று ஒரு பக்கம் இருக்கிறதே, எல்லோரும் பல் தெரியச் சிரிக்கும் பக்கம், அதில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசினேன். ஒரு பெண் விளம்பர நிறுவனத்தில் இருக்கிறாள். சேர்ந்த நாள் முதல் ஒரே சோப்பின் நுரையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாளாம். ஒருவன் தொழிற்சாலையில் மனிதவளத்தில் இருக்கிறான். வேலையை விட்டு அனுப்பப்படுகிறவர்கள் கத்தாமல் வெளியே போகும்படி பேசுவது அவன் வேலை. ஒருவன் வானொலியில் காலையில் எழுந்து, எந்தச் சாலையில் நெரிசல் என்று நெரிசலில் நிற்பவர்களுக்கே சொல்கிறான். இன்னொருத்தி மருத்துவமனையில், டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு அவர் என்ன சொன்னார் என்று குடும்பத்துக்குச் சொல்கிறாள். "தொழில்முனைவோர்" என்று போட்டிருந்த ஆள் போனையே எடுக்கவில்லை.

மருத்துவம் படித்தவர் மருத்துவர் ஆகிறார். கட்டடம் படித்தவர் கட்டடம் கட்டுகிறார். இது படித்தவர்கள் மட்டும் ஆளுக்கொரு திசையில் ஓடியிருக்கிறார்கள். ஒரே இடத்திலிருந்து கிளம்பியவர்கள் இப்படிச் சிதறி ஓடினால் எங்கள் தொழிலில் அதற்கு வேறு பெயர். இந்தப் பருவம் முடிவதற்குள் எனக்கு நம்பிக்கை வரும்படி நீ ஏதாவது சொல்ல வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்கு வந்து கணக்கியலில் சேர். இதில் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே கருத்து.

விடுதியை விட்டுத் தனி அறைக்கு ஏன் மாறினாய் என்பதற்கும் பதில் வரவில்லை.

அம்மா நலம். சமையலறையில் இருக்கிறாள். அவள் உனக்குப் போன் செய்தால் எங்கிருந்து பேசினாள், என்ன பேசினாள் என்று விவரமாக எழுது.

அப்பா

ஜூலை 11

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சோப்பு நுரை அக்கா எங்கள் துறைக்கே போன் செய்து, "காப்பீட்டுக் கம்பெனியிலேர்ந்து யாரோ என்னை விசாரிச்சாங்க, நான் எதுவும் கொளுத்தலையே" என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். துறைத் தலைவர் வகுப்பில் வைத்து, யாருடைய அப்பா என்று கேட்டார். நான் பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் ஓடவில்லை அப்பா. மனிதர்கள் ஒருவர் சொல்வதை இன்னொருவர் தப்பாகப் புரிந்துகொள்ளாத இடம் உலகத்தில் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், அங்கே மட்டும் எங்களுக்கு வேலை இல்லை. எனக்கு மருத்துவமனை வேலைதான் பிடித்திருக்கிறது. அடுத்த பருவத்தில் அங்கே பயிற்சிக்குப் போகக் கேட்டிருக்கிறேன். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது சுலபம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். போன வாரம் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் பேசுவார். மற்றவர் பதில் சொல்வதற்கு முன்னால், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்; பேசியவர் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பதில் சொல்லலாம். நான் தோற்றுப்போனேன். என் ஜோடி, "நான் சொன்னத நீ சொல்லல, நான் என்ன சொல்லுவேன்னு நீ நெனச்சியோ அதச் சொல்ற" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அறைக்கு வந்து யோசித்தபோதுதான் அவள் சொன்னது சரி என்று பட்டது.

அறை மாறியதற்குக் காரணம் விடுதியில் சத்தம். இது ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. பகலெல்லாம் இயந்திரம் ஓடும், ஆனால் அது பேசாது. ஒரு ஜன்னல், இரண்டு கட்டில், ஒரு அடுப்பு. இன்னொருவரும் கூட இருக்கிறார். நல்ல மாதிரி. நன்றாகச் சமைப்பார்.

உங்கள் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். சமையலறையில் இருக்கிற அம்மா எனக்குப் போன் செய்தால், எங்கிருந்து பேசினாள் என்று நான் ஏன் எழுத வேண்டும்? சமையலறையிலிருந்துதானே பேசியிருப்பாள். அது மட்டுமல்ல, கடிதம் முழுக்க ஒரே வேகத்தில் ஓடிய உங்கள் பேனா "அம்மா நலம்" என்ற இடத்தில் மட்டும் காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தியிருக்கிறது. அடுத்த கடிதத்தில் அம்மாவை எனக்கு நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

ஜூலை 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

கேள்விக்குக் கேள்வியைப் பதிலாகத் தருவதுதான் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்களா? நான் விசாரிக்கிற கடைக்காரர்களும் அப்படித்தான். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?

கூட இருப்பவரைப் பற்றி. "ஒருவர் இருக்கிறார், நன்றாகச் சமைப்பார்" என்று எழுதியிருக்கிறாய். அவர் ஆணா, பெண்ணா? "சமைப்பார்" என்றால் இரண்டும்தான். நம் மொழியில் மரியாதையைப் போர்த்தி ஆளை மறைப்பது பழைய தந்திரம். ஒரு முறை ஒரு கிடங்கு எரிந்தபோது முதலாளி, "அன்னைக்குச் சாவி வச்சிருந்தவர் இப்ப வேலையில இல்லைங்க" என்றார். கிளறிப் பார்த்தால் சாவி வைத்திருந்தவர் அவருடைய மனைவி. ஆகவே அடுத்த கடிதத்தில் மரியாதை வேண்டாம். அவனா, அவளா என்று எழுது.

எங்கள் அலுவலகத்திலும் உன் கல்லூரிக்காரி ஒருத்தி புகார்ப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். நாங்கள் அவளை நாசூக்கு என்று அழைக்கிறோம். என் கடிதங்களை வாங்கி மாற்றி எழுதுகிறாள். "உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது" என்று நான் எழுதினால், எதனால் நிராகரிக்கிறோம், அடுத்து என்ன செய்யலாம் என்று நாலு வரி சேர்க்கிறாள். முன்பெல்லாம் கடிதம் கிடைத்தவர்கள் வந்து மேஜையைத் தட்டுவார்கள். இப்போது தட்டுவது குறைந்திருக்கிறது. அவள் அவர்களோடு தனியாக ஏதாவது பேசி வைத்திருக்கிறாளோ என்று கவனித்துக்கொண்டு வருகிறேன்.

அம்மாவின் கையில் ஆவி பட்டுவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை. பேனா பிடிக்க முடியாததால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

"அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். அப்பா எது செய்தாலும் நம் நன்மைக்காகவே செய்வார். அவர் கேட்கும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல். அவர் கேள்வி கேட்பது எனக்கும் பிடிக்கும். அக்கறை இருப்பவர்தானே கேட்பார். உடம்பைப் பார்த்துக்கொள். இப்படிக்கு, உன் பாசமுள்ள அம்மா."

போதுமா?

அப்பா

ஜூலை 26

அப்பா,

அவள்.

நீங்கள் கேட்டபடி மரியாதையை எடுத்துவிட்டேன். என் கூட இருப்பது அவள்தான், உங்கள் மனைவி. ஜூன் மாதத்திலிருந்து இங்கேதான் இருக்கிறாள். அவளுக்காகத்தான் விடுதியை விட்டு மாறினேன். கையில் ஆவி எதுவும் படவில்லை. உங்கள் கடிதம் வந்தபோது அந்தக் கையால்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சத்தமாகப் படித்துக் காட்டினேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர் மனைவி பேரில் கள்ளக் கடிதம் எழுதினால் சிரிப்பு வராதா? அம்மாவும் சிரித்தாள். "பாசமுள்ள அம்மாவா? எந்த ஊரு அம்மாடி இவ?" என்றாள். பிறகு, "அந்தக் கேள்வி வரிய இன்னொரு தடவ படி" என்றாள். படித்தேன். "அவர் கேள்வி கேட்பது எனக்கும் பிடிக்கும்." கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இத்தனை வருஷமா நான் வாயத் தொறக்காம இருந்தத, சரின்னு சொன்னதாவே எடுத்துக்கிட்டிருக்காரு. அவரு பொய் எழுதலடி. நான் இப்படித்தான் பேசுவேன்னு நெசமாவே நம்புறாரு."

அப்புறம் சிரிக்கவில்லை. எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் அந்த நிமிஷத்தில் வந்ததுதான்.

ஜூனில் என்ன நடந்தது என்று அவள் வந்த அன்றே சொன்னாள். நீங்கள் வேலையிலிருந்து வந்தீர்கள். சட்டையைக் கூட மாற்றவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீங்க நேத்து மத்தியானம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டீர்கள். அம்மா திரும்பிப் பார்த்தாளாம், தனக்குப் பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களா என்று. யாரும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து "நீ" என்று கூப்பிட்டவளை "நீங்க" என்கிறீர்கள். கடையைக் கொளுத்தியவர்களுக்கு நீங்கள் கொடுக்கிற மரியாதை அது. "நீ எங்கடி போனன்னு கேட்டு நாலு திட்டு திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன். 'நீங்க'ன்னாரு. அப்பவே நான் வெளியாளாயிட்டேன்" என்றாள்.

எங்கே போனாள் என்றால், என் வீட்டுப்பாடத்துக்கு. குரல் வகுப்பில், வகுப்பில் இல்லாத ஒருவரின் குரலைப் பதிவு செய்து வரச் சொன்னார்கள். பேருந்து அறிவிப்புகளை எழுதி அம்மாவுக்கு அனுப்பினேன். போனில் படித்தாள். ஆசிரியர் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அனுப்பினார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. உங்கள் ஊரில் உள்ள அவர்களுடைய சின்னக் கிளைக்கு மத்தியானங்களில் போய்ப் படித்துப் பழகினாள். வேலை உறுதியான பிறகு உங்களிடம் சொல்லலாம் என்று இருந்தாள். முன்னாடியே சொன்னால் நீங்கள் போய் அவர்களை விசாரித்து வேலையையே இல்லாமல் ஆக்கிவிடுவீர்கள் என்ற பயம்.

விசாரணை நடக்கத்தான் செய்தது. ஆனால் நீங்கள் விசாரித்தது அவர்களை அல்ல, அவளை.

மகள்

ஆகஸ்ட் 4

பாப்பாவுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒன்றும் தெரியாதவள் போல என்னையே கேட்டிருக்கிறாய். நான் ஒரு பொய் சொன்னேன் என்றால் நீ அதைச் சொல்லவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாய். எது பெரிய தவறு என்று உன் ஆசிரியரிடம் கேள்.

நான் ஏன் கேட்டேன் என்பதை நீ கேட்கவில்லை. நான் சொல்கிறேன். ஒரு கடை எரிந்த விஷயமாக அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். எதிர்க் கட்டடத்தின் படியில் உன் அம்மா இறங்கி வந்தாள். கூட ஒரு ஆள். அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். சும்மா உதட்டால் அல்ல, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். என்னோடு அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. இதை விசாரிக்காமல் நான் வேறு எதை விசாரிப்பேன்?

"நீங்க" என்று கேட்டது குற்றமாம். மரியாதையாகக் கேட்டால் குற்றம் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எனக்குக் கோபம் வந்தால் ஆபீஸ் குரலுக்குப் போய்விடுவேன். எனக்குத் தெரிந்த நிதானம் அது ஒன்றுதான். அன்றைக்கு "நீ" என்று ஆரம்பித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ எனக்கே தெரியாது.

அவள் போன பிறகு அலமாரியைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. வீட்டைத் தானே கொளுத்துகிறவன் முதலில் போட்டோ ஆல்பத்தை வெளியே எடுத்து வைத்துவிடுவான். மற்றதெல்லாம் திரும்ப வாங்கலாம், அதை வாங்க முடியாது. உன் அம்மா ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆகவே அவள் திட்டமிட்டுப் போகவில்லை, திரும்பி வருவாள் என்று முடிவு செய்தேன். அந்த நம்பிக்கையில்தான் அவள் சமையலறையில் இருப்பதாக எழுதினேன். நாளைக்கே வந்துவிட்டால் அது பொய்யாகாது.

ஆனால் இப்போது எல்லாம் ஒரு கோட்டில் நிற்கிறது. உன் வகுப்பு, உன் வீட்டுப்பாடம், உன் ஆசிரியர், அவருக்குத் தெரிந்த கூடம், உன் அறை. ஒவ்வொரு இடத்திலும் நீ நிற்கிறாய். தொடர்பு படிக்கப் போன பெண் வீட்டில் இருந்த ஒரே தொடர்பையும் அறுத்துவிட்டாள் என்று நான் சொன்னால் மறுப்பாயா? அந்த ஆள் யார் என்று எழுது. அம்மாவை இந்த மாதத்துக்குள் அனுப்பி வை. இல்லையென்றால் உன் படிப்பு இந்தப் பருவத்தோடு முடிந்தது. வெறும் மிரட்டல் என்று நினைக்காதே.

அப்பா

ஆகஸ்ட் 12

அப்பா,

படித்துக் காட்டினேன், ஒரு வரி விடாமல். நான் நடுவில் எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவும் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், நீங்கள் சந்தேகப்படுவீர்கள்.

அந்த ஆள் ஒலிப்பதிவு செய்பவர். எல்லோரும் அவரைக் காதுக்காரர் என்பார்கள். அன்றைக்கு அம்மாவை "கதவருகே நிற்க வேண்டாம்" என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார். ஒரு தடவை மூச்சு கேட்டதாம், ஒரு தடவை கோபம் கேட்டதாம், ஒரு தடவை வயிறு கத்தியது கேட்டதாம். படியில் இறங்கும்போது, "இத்தன தடவ சொன்னதுக்கு அந்தக் கதவே வெலகிப் போயிருக்கும்மா" என்றாராம். நீங்கள் பார்த்த சிரிப்பு அதுதான். சொல்லும்போது இப்போதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, "பாத்தவரு மேல வந்து, என்ன சிரிக்கிறேன்னு கேட்டிருந்தா அவருக்கும் சொல்லியிருப்பேனே" என்றாள்.

ஆல்பம் பற்றி. "எல்லாப் படமும் அவரு எடுத்தது. ஒண்ணுலயும் அவரு இல்ல, எல்லாத்துலயும் நான் கண்ண மூடிக்கிட்டிருக்கேன். அத எதுக்கு எடுத்துக்கிட்டு வரணும்?" உங்கள் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது போலிருக்கிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தக் கோடு நீங்கள் கிழித்தது. நான் சதி செய்யவில்லை. அம்மா பையோடு விடுதி வாசலில் வந்து நின்றபோது எனக்கு மறுநாள் தேர்வு. என்னம்மா என்று கேட்டதற்கு, "இடமிருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவள் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை அப்பா. எனக்குப் பயமாக இருந்தது. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். நீங்களாக எழுதுவீர்கள் என்று காத்திருந்தோம். முதல் கடிதத்திலேயே "உன் அம்மா போய்விட்டாள், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை" என்று நீங்கள் எழுதியிருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். நீங்கள் சோப்பு நுரையைப் பற்றி எழுதினீர்கள்.

அனுப்பி வைப்பதற்கு அம்மா பார்சல் இல்லை. நான் படிப்பது தொடர்பியல், தபால்காரர் வேலைக்கு இல்லை. உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஓடி ஓடி எனக்குக் கால் வலிக்கிறது. போன வாரம் மருத்துவமனையில் பயிற்சிக்கு முன்னோட்டமாக ஒரு நாள் உட்காரவைத்தார்கள். ஒரு அண்ணனும் தங்கையும் அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக வந்திருந்தார்கள். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். "அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று பக்கத்தில் இருக்கும் தங்கையைக் காட்டி அண்ணன் என்னிடம் சொன்னார். அங்கே எனக்குப் பொறுமை இருந்தது. நம் வீட்டுக்கு மட்டும் அந்தப் பொறுமை வர மாட்டேன் என்கிறது.

படிப்பை நிறுத்துவது உங்கள் விருப்பம். அம்மாவிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேளுங்கள். அவள் சொன்னது: "எங்கிட்ட கேக்கட்டும். என்னப் பத்திக் கேக்க வேணாம்."

மகள்

ஆகஸ்ட் 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

உறையில் உங்கள் ஊர் முத்திரை இருப்பதைப் பார்த்துத் திடுக்கிடாதே. இங்கே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் இருக்கிறேன். மேஜையின் ஒரு கால் குட்டை, மடித்த காகிதம் வைத்து எழுதுகிறேன். பக்கத்து அறைக்காரர் ஏதோ மருந்துக் கம்பெனி ஆள்; விற்கப் போகிற பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறார். சுவர் வழியாக எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

வந்து சில நாட்கள் ஆகின்றன. உன் தெருவுக்குப் போகிற பேருந்தில் ஏறினேன். கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதும், "அடுத்த நிறுத்தம், மத்திய நூலகம். இறங்குபவர்கள் முன்னால் வரவும்" என்று உன் அம்மா பேசினாள். எனக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். கூரையில் ஒரு சின்ன ஒலிபெருக்கிதான் இருந்தது. அவரவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் அது யார் குரல் என்று தெரியாது. உன் நிறுத்தம் வந்தது. அதையும் அவளேதான் சொன்னாள். நான் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போனேன். அதே வண்டியில் திரும்பி வந்தேன். நடத்துனர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

என்னிடம் இவ்வளவு பொறுமையாக அவள் பேசியதில்லையே என்று முதலில் நினைத்தேன். பிறகு, நான் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்டதில்லை என்று பட்டது. பாப்பா, வீடு தாங்க முடியவில்லை. வேலையிலிருந்து வந்து பூட்டைத் திறக்கிறேன். யாரைக் கேட்பது என்று தெரியாமல் நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. நேரில் வாயால் சொல் என்றால் எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

இந்த ஊரில் அவள் இப்போது வேலை பார்க்கிற ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எதிரே செருப்புக் கடைத் தாழ்வாரத்தில் நின்று அவளைப் பார்த்தேன். தனியாகத்தான் வருகிறாள், தனியாகத்தான் போகிறாள். வழியில் ஒரு கடையில் பேனா வாங்கினாள். காதுக்காரரைப் பற்றியும் விசாரித்துவிட்டேன். பேரன் பேத்தி எடுத்தவர், நல்ல மனிதர், அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். உன் அம்மா மேல் எந்தத் தவறும் இல்லை. சந்தேகத்துக்குத் துளியும் இடமில்லை என்று முழுமையாக உறுதி செய்துகொண்டேன். இதை அவளிடம் சொல். கேட்டால் மனசு ஆறும்.

உன் படிப்பையும் தொடர். அந்த நாசூக்கு யாரோடும் தனியாகப் பேசி வைக்கவில்லை, அதையும் பார்த்துவிட்டேன். கடிதத்தைத்தான் ஒழுங்காக எழுதுகிறாள். மருத்துவமனை நல்ல வேலைதான்.

அம்மாவை அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறேன். 24-ம் தேதி மாலை ரயில் இருக்கிறது. பெட்டியைக் கட்டிவைக்கச் சொல்.

அப்பா

ஆகஸ்ட் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை விடிந்ததும் லாட்ஜ் வரவேற்பில் கொடுத்துவிட்டுப் போகிறேன். தபாலில் போட்டால் நேரம் ஆகிவிடும். மேலே வந்து உங்களைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வந்தால் மறுபடி நானே நடுவில் நிற்க வேண்டியிருக்கும்.

நீங்கள் வந்த முதல் நாளே அம்மா உங்களைப் பார்த்துவிட்டாள். "செருப்புக் கடைக் கண்ணாடியில தெரிஞ்சாரு. தலையில தொப்பி வேற. தூணுக்குப் பின்னாடி பாதி ஆளு, இந்தப் பக்கம் பாதி ஆளு" என்றாள். என்னிடம் அப்போது சொல்லவில்லை. நேற்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் சொன்னாள். நிறுத்தத்தில் நின்றுகொண்டு, வந்த பேருந்துகளையெல்லாம் போகவிட்டிருக்கிறாள். சாலையைக் கடந்து வருவீர்கள் என்று. பேனா தேவையே இல்லையாம். இன்னும் கொஞ்ச நேரம் நிற்க ஒரு சாக்கு வேண்டியிருந்ததாம்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பேருந்துப் பகுதியை இரண்டாவது முறை படிக்கச் சொன்னாள். வீட்டுப் பூட்டைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அங்கே எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கண்ணைத் துடைத்ததை எழுதக் கூடாது என்றாள், எழுதிவிட்டேன். அதோடு கடிதம் முடிந்திருந்தால், அப்பா, அவள் அந்த நேரமே பெட்டியை எடுத்திருப்பாள்.

"முழுமையாக உறுதி செய்துகொண்டேன்" என்ற இடம் வந்ததும் போதும் என்றாள்.

"அப்போ கேஸ் முடிஞ்சிருச்சா? நான் தப்பு பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? அத விசாரிச்சு எங்கிட்டயே சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தாரு? விசாரிச்சதுல ஏதாவது அகப்பட்டிருந்தா ரயில்ல திரும்பிப் போயிருப்பாருல்ல?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா? யோசித்துவிட்டு அவளிடமே சொல்லுங்கள்.

படிப்பைத் தொடரச் சொன்னதற்கு நன்றி. எப்படியும் தொடர்ந்திருப்பேன்.

மாலை ரயிலுக்கு அவள் வரவில்லை. ரயில் வண்டிகளுக்கும் அவள் குரல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், இன்னும் சில மாதங்களுக்கு வேலை இருக்கிறது. அது முடிந்து வீட்டுக்கு வருவாளா என்று கேட்டேன். "அத இப்பவே எப்படிச் சொல்றது?" என்றாள். நேற்று இரவு சாப்பிட்டு முடித்த பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதுதான் நான் உங்களுக்குக் கொண்டுவருகிற கடைசிச் சேதி.

"காலையில ஒம்பது மணிக்கு நான் ஸ்டுடியோவுக்குக் கெளம்புவேன். பஸ்ல போகல, நடந்துதான் போவேன். உங்கப்பா வரணும்னா வரட்டும். பின்னாடி வர வேணாம். கூட வரட்டும்."

மகள்